குத்தாலிங்கம் வண்டியின் டீசல் மிச்சம்

போன மாதம் ராஜி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் அவள். “மேடம், டீசல் கணக்கக் கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா ஆறு படம் வந்து விழுது. ரிப்போர்ட்ல ரெண்டு வச்சாப் போதும்னு சொல்றாங்க. எத வைக்க?” என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் பதில் எனக்கும் தெரியும். அதை மட்டும் சொல்லி வைக்க மனம் வரவில்லை. மீதியைச் சொல்ல அன்றைக்குத் தெம்பும் இல்லை.

நான் வேலை பார்த்த பஸ் நிறுவனம் இப்போது அந்தப் பெயரில் இல்லை. இருந்தாலும் பெயரை எழுதப்போவதில்லை. எழுபதுகளின் கடைசியில் புள்ளியியல் பட்டம் வாங்கிக்கொண்டு திருநெல்வேலித் தலைமை அலுவலகத்தில் சேர்ந்தேன். கையால் சுற்றுகிற கணக்கு மெஷினில் ஒரு வருடம் கை வலிக்கச் சுற்றினேன். பிறகு தென்காசி டிப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். டிப்போவில் நான் ஒருத்திதான் பெண். பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. எதிரே இருந்த தபால்காரர் வீட்டில் கேட்டுக்கொண்டு போய் வருவேன். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள இவ்வளவுதான்.

என் வேலை டீசல் கணக்கு. ஒவ்வொரு வண்டியும் அன்றைய ஓட்டம் முடிந்து பம்புக்கு வரும். டேங்க்கை வழிய வழிய நிரப்புவார்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் அன்றைக்கு அந்த வண்டி குடித்தது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை டிக்கெட், அதில் மலை ஏறியது எவ்வளவு என்பதெல்லாம் டிரிப் ஷீட்டில் இருக்கும். இந்த விவரங்களை வைத்து, இவ்வளவு ஓடினால் இவ்வளவு குடிக்க வேண்டும் என்று ஒரு சூத்திரம் போடுவோம். அதற்கு ரிக்ரஷன் என்று பெயர். சூத்திரம் சொன்னதற்கும் வண்டி உண்மையில் குடித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ரெசிடுவல் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அதை ‘மிச்சம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சூத்திரம் சொன்னதைவிட வண்டி அதிகம் குடித்து, மிச்சம் ஒரு அளவைத் தாண்டினால் டிரைவருக்கு மெமோ போகும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட முடிவானது. கம்ப்யூட்டர் மதுரையில் ஒரு மையத்தில் இருந்தது. நான் தாளில் எண்களை எழுதி அனுப்புவேன். அங்கே அட்டையில் துளை போட்டு ஓட்டி, இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட அகலக் காகிதத்தில் அச்சடித்து அனுப்புவார்கள். புள்ளி வைக்க அந்த மெஷினுக்குத் தெரியாது. நட்சத்திரம்தான் அடிக்கும். சூத்திரம் சரியா என்று சோதிப்பதற்கு ஆறு விதமான படங்கள் அதில் இருந்தன. வேண்டிய படத்தின் எண்ணைத் தாளின் அடியில் குறிக்க வேண்டும். வரிசையில் பல கம்பெனிகள் நிற்பதால் ஒரு ஓட்டத்துக்கு இரண்டு படத்துக்கு மேல் கிடையாது.

எந்த இரண்டு என்று முடிவு செய்பவர் எங்கள் அதிகாரி சபேசன் சார். வாரம் ஒரு முறை திருநெல்வேலியிலிருந்து காலை ரயிலில் வருவார். குடையும் சுக்கு வெந்நீர் பிளாஸ்க்கும் கையில் இருக்கும். டிப்போ டீயைத் தொடமாட்டார். மதுரைக் காகிதத்தை மேசையில் விரித்துப் பார்த்து நான் கண்டதில்லை. வராந்தாத் தரையில் நீளமாக விரிக்கச் சொல்வார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒர்க்‌ஷாப்பிலிருந்து போல்ட் நட்டுகளைக் கொண்டுவந்து ஓரத்தில் வைப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு, காகிதத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து நடந்து பார்ப்பார். திட்டமாட்டார், குரலும் உயராது. பிடிக்காத இடம் வந்தால் நின்றுவிடுவார். எவ்வளவு நேரம் நிற்கிறாரோ அவ்வளவுக்கு நாம் தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அவருக்குப் பிடித்த படம் ஒன்றாம் எண். சூத்திரம் சொன்னதைக் கீழேயும் வண்டி குடித்ததைப் பக்கத்திலும் வைத்து வரைவது. நட்சத்திரங்கள் மூலைக்கு மூலை நேராக ஏறிப் போகும். தலைமை அலுவலகத்தில் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதிக தூரம் ஓடுகிற வண்டி அதிகம் குடிக்கிறது, கொஞ்ச தூரம் ஓடுகிற வண்டி கொஞ்சம் குடிக்கிறது, அதைத் தவிர அந்தப் படம் எதுவும் சொல்லாது. கல்யாண போட்டோ மாதிரி. அதைப் பார்த்துக் குடும்பத்தின் வழக்கு வம்புகளைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு தடவை, அவரிடம் சொல்லிவிட்டுத்தான், ஒன்றாம் எண்ணுக்குப் பதில் இரண்டாம் எண்ணைக் குறித்தேன். அதில் மிச்சத்தை மட்டும் தனியே எடுத்து வரைவார்கள். மிச்சமே இல்லை என்பதற்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். படம் வந்தபோது விசிறியை விரித்த மாதிரி இருந்தது. சுரண்டை, பாவூர்சத்திரம் என்று சமதளத்தில் ஓடுகிற வண்டிகளின் நட்சத்திரம் கோட்டை ஒட்டிக் கிடந்தது. செங்கோட்டை தாண்டி மலை ஏறுகிற வண்டிகளின் நட்சத்திரம் மேலும் கீழும் சிதறிக் கிடந்தது. எல்லா வண்டிக்கும் ஒரே அளவுகோல் வைத்து மெமோ அடித்ததால் மலை டிரைவர்களே மெமோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். சபேசன் சார் காகிதத்தின் அகலமான முனையில் போய் வெகுநேரம் நின்றார். பிறகு, “மலைக்குத் தனி அளவு வைக்கணும், கோமதி. எழுதுங்க” என்றார். எழுதினேன். அடுத்த மாதம் மெமோக்கள் குறைந்தன. என் உத்தியோக காலத்தில் படம் ஒன்றைக் காட்டி நல்லது நடந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அதற்கு அடுத்த சாரல் காலத்தில் குத்தாலிங்கம் விவகாரம் வந்தது.

குத்தாலிங்கம் அண்ணாச்சி மலை ரூட்டின் காலை வண்டியை ஓட்டுபவர். தென்காசியிலிருந்து குற்றாலம், செங்கோட்டை, புளியரை வழியாக மலை ஏறி ஆரியங்காவு போய் வருவார். ஐம்பதை நெருங்கிய ஆள். டிப்போவில் யாரோடும் அதிகம் பேசமாட்டார். டீசல் கொள்ளை எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்கத் தலைமை அலுவலகம் டிரைவர் வாரியாக மிச்சத்தைப் படமாகக் கேட்டது. வந்த காகிதத்தில் எல்லா டிரைவர்களின் நட்சத்திரமும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தது. ஒருவருடையது மட்டும் கோட்டுக்கு மேலே புகைக்கூண்டு மாதிரி எழுந்து நின்றது. மலைக்கென்று வைத்த தனி அளவையும் தாண்டியிருந்தது. அது குத்தாலிங்கம் அண்ணாச்சி. டீசல் திருட்டு என்று சார்ஜ் ஷீட் வந்தது. சீசனில் குற்றாலத்துக்குக் கூட்டம் அலைமோதும், டிரைவர் பற்றாக்குறை. அதனால் விசாரணை முடியும்வரை அவரையே ஓட்டச் சொல்லியிருந்தார்கள்.

சார்ஜ் ஷீட் வாங்கிய அன்று மத்தியானம் அவர் என் மேசைக்கு வந்தார். சட்டைப்பையில் அந்தக் காகிதம் நான்காக மடிந்திருந்தது.

“எந்தப் படத்த வச்சு என்னையக் களவாணிங்கியளோ அதக் கொஞ்சம் காட்டுங்க தாயி” என்றார்.

காட்டினேன். குனிந்து பார்த்தார்.

“இதுல நான் எங்கன இருக்கேன்?”

விரலை வைத்துக் காட்டினேன்.

“இம்புட்டு நட்சத்திரமா?” என்றார். “இதுக்கு என்ன பேரு?”

“மிச்சம்னு சொல்லுவோம் அண்ணாச்சி.”

“எனக்கு மிச்சம் நெறைய இருக்குன்னா நல்லதுதான தாயி? ஊர்ல எல்லாவனும் அதுக்குத்தான கெடந்து ஓடுதான்.”

சிரிக்காமல் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. நீங்கள் எடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை. எடுக்கவில்லை என்று அவரும் சொல்லவில்லை.

எங்கள் டிப்போவில் ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர் என்று நிரந்தரமாகப் போட்டிருந்தார்கள். அதனால் டிரைவர் வாரியாக வரைந்தாலும் வண்டி வாரியாக வரைந்தாலும் ஒரே படம்தான் வரும். குடிப்பது ஆளா வண்டியா என்று எந்தப் படத்தாலும் பிரிக்க முடியாது. சபேசன் சாரிடம் இதைச் சொன்னேன். ஒரு மாதம் அவருக்கு வேறு வண்டியைக் கொடுத்துப் பார்க்கலாம், வண்டியில் கோளாறு இருந்தால் அவர் தப்புவார் என்றேன். நியாயம் என்று ஒப்புக்கொண்டார்.

மாற்றினார்கள். புது வண்டி. அதே காலை டிரிப். மாத முடிவில் காகிதம் வந்தது. பழைய வண்டி வேறு டிரைவர் கையில் ஒழுங்காகக் கோட்டோடு கிடந்தது. குத்தாலிங்கம் அண்ணாச்சி ஓட்டிய புது வண்டி கோட்டுக்கு மேலே எழுந்து நின்றது.

அவரைக் காப்பாற்றத்தான் அந்த யோசனையைச் சொன்னேன். சபேசன் சார் வராந்தாவில் நின்று, “நீங்க சொன்ன சோதனைதான் கோமதி. இனிமே சந்தேகம் இல்லை” என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. பாராட்டுகிற குரல்.

அந்த மாதக் கம்ப்யூட்டர் ஓட்டத்துக்கு இரண்டாவது படமாக ஐந்தாம் எண்ணைக் குறித்திருந்தேன். தேதி வரிசையில் மிச்சத்தைப் போடுகிற படம். வீட்டுக்குப் போவதற்கு முன் அதைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். அவருடைய நட்சத்திரங்களை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். பெரும்பாலான நாட்களில் அவரும் மற்றவர்களைப் போலக் கோட்டோடுதான் இருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எகிறியிருந்தது. காலண்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் புதன்கிழமை. மறுவாரம் சபேசன் சாரிடம் காட்டியபோது, “திருடறவன் தினமும் திருடணும்னு இல்லையே. டீசல் வாங்கறவன் புதன்கிழமை வருவானா இருக்கும்” என்றார். அவர் சொன்னதற்கும் அந்தப் படம் பொருந்தத்தான் செய்தது.

அடுத்த புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலை வண்டியில் ஏறினேன். டிரைவர் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“வாங்க தாயி. கணக்குப் பாக்க வந்தியளா?”

“புனலூர்ல நாத்தனார் வீடு இருக்கு” என்றேன்.

“இந்த வண்டி ஆரியங்காவோட சரி” என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

குற்றாலத்தில் அருவிக் கூட்டம் ஈரத் துண்டோடு இறங்கியது. செங்கோட்டையில் பெண்கள் ஏறினார்கள். இருபது பேருக்குக் குறையாது. ஆளுக்கொரு துணி மூட்டை. சிலர் மடியிலும் இடுப்பைச் சுற்றியும் எதையோ கட்டி மேலே சேலையைச் சுற்றியிருந்தார்கள். நிறைமாத கர்ப்பிணிகள் ஒரு ஊர்வலமாக ஏறிய மாதிரி இருந்தது. எல்லோருக்கும் கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளுக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கால் சற்றுத் தாங்கியது. மூட்டையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டாள்.

“ஆச்சி, மூட்டையில என்ன?” என்று கேட்டேன்.

“மக பேறுகாலத்துக்கு நிக்கா. கொஞ்சம் அரிசி” என்றாள்.

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் பை, காலில் செருப்பு, முகத்தில் கண்ணாடி. “நீங்க போலீசுக்காரவியளா?”

“இல்ல ஆச்சி. பஸ் ஆபீசுல கணக்கு எழுதுதேன்.”

“அப்பம் சரி” என்றாள். அவள் பெயர் பேச்சியம்மா என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அப்போது அரிசியை மாநிலம் தாண்டிக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் அரிசி வாங்கி, புதன்கிழமை காலையில் மலை தாண்டிக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவது அந்தப் பெண்களின் பிழைப்பு. டிப்போவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் காதில் விழுந்ததுண்டு. டீசல் கணக்கோடு சேர்த்து யோசித்ததில்லை.

புளியரை சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. பெண்கள் மூட்டைகளோடு இறங்கித் தென்னந்தோப்புக்குள் நடந்து மறைந்தார்கள். சாவடியில் போலீஸ்காரர் ஏறிப் பார்த்தார். காலி சீட்டுகளையும் என்னையும் பார்த்துவிட்டு இறங்கினார். சாவடியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. ஒரு வளைவில் குத்தாலிங்கம் அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

சாரல் விடாமல் தூறியது. வண்டி நடுங்கியபடி நின்றது. முன் சீட்டிலிருந்த மலையாளத்துக்காரர் ஒருவர், “எந்தா சேட்டா, வண்டி எடுக்குன்னில்லே?” என்றார். “எடுப்போம், எடுப்போம்” என்றார் அண்ணாச்சி, திரும்பிப் பார்க்காமல். கண்ணெல்லாம் பள்ளத்திலிருந்து ஏறி வரும் ஒற்றையடிப் பாதையில் இருந்தது.

நான் எழுந்து போய் என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணாச்சி, என்ஜினையாவது அமத்தக் கூடாதா?”

“அமத்தலாம். பிறவு எடுக்கணும்லா? ஏத்தத்துல செல்ஃப் எடுக்காது. தள்ளதுக்கு யாரு இருக்கா? அந்தப் பொம்பளையளா?”

“டீசல் போவுதே.”

“போவுது” என்றார்.

ரொம்ப நேரம் கழித்துப் பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். முழங்கால்வரை சேறு. தோப்பைச் சுற்றி, ரயில் பாதையைத் தாண்டி, சரிவில் ஏறி வர வேண்டும். எல்லோரும் ஏறிய பிறகும் வண்டி கிளம்பவில்லை. கடைசியாகப் பேச்சியம்மா வந்தாள். மூட்டையைத் தலையில் வைத்து ஒரு கையால் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். இரண்டு பேர் கை கொடுத்து இழுத்துக்கொண்டார்கள்.

“ஏட்டி, உனக்கு வாரவாரம் நான் தேரு நிறுத்தணுமா?” என்றார் அண்ணாச்சி.

“நிறுத்து, புண்ணியமாப் போவும்” என்றாள் பேச்சியம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு.

ஆரியங்காவில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இப்போதும் தெரியவில்லை.

“வண்டியப் போட்டுக் காத்துக்கிட்டு நின்னேன்னு எழுதிக் குடுங்க அண்ணாச்சி. டீசல் வீணாச்சுன்னு ஒரு இன்க்ரிமென்ட வெட்டுவாங்க, அவ்வளவுதான். திருட்டுன்னு முடிவானா வேலையே போயிரும்.”

“எதுக்குக் காத்துக்கிட்டு நின்னேன்னு கேப்பாவள்லா?”

“கேப்பாங்கதான்.”

“அப்பம் நான் என்னத்தச் சொல்ல? இவளுவ வார பாதையச் சொல்லணும். அடுத்த புதன்கெழம அங்கன போலீசு நிக்கும். இப்பம் களவாணின்னு சொன்னா என் தலையோட போவும்லா?”

“ஒங்க வீட்டுல என்ன சொல்லுதாங்க?”

“வீட்டுல சொல்லல” என்றார். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

திரும்பும் வழியில் பேருந்து காலியாக, லேசாக இறங்கியது. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். படத்தில் இல்லாத ஒன்றை எப்படிப் படமாக்குவது என்ற நினைப்புதான் வழி முழுக்க. நின்ற நேரம் எங்கள் சூத்திரத்தில் கிடையாது. கிலோமீட்டர் உண்டு, டிக்கெட் உண்டு, ஏற்றம் உண்டு. நிற்பதற்கு யாரும் இடம் வைக்கவில்லை.

ஆனால் செங்கோட்டையிலும் ஆரியங்காவிலும் எங்கள் டைம்கீப்பர்கள் வண்டி புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் எழுதிவந்தார்கள். தாமதத்துக்கு அபராதம் போடுவதற்காக எழுதியது. மலையில் எந்த வண்டியும் நேரத்துக்கு வராது என்பதால் யாரும் அபராதம் போட்டதில்லை. அந்த நேரங்களை வாங்கி வந்தேன். மதுரையின் ஆறு படங்களில் இதற்கு எண் கிடையாது. கிராஃப் தாள் வாங்கி நானே வரைந்தேன். கீழே தாமதம், பக்கத்தில் மிச்சம். மற்ற மலை டிரைவர்களின் புள்ளிகளும், குத்தாலிங்கம் அண்ணாச்சியின் மற்ற நாள் புள்ளிகளும் இடது மூலையில் ஒரு கொத்தாகக் கிடந்தன. அவருடைய புதன்கிழமைகள் அந்தக் கொத்திலிருந்து கிளம்பி, சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போயின. அதிக நேரம் தாமதமான நாளில் அதிக மிச்சம். களவு போகிற டீசல் இப்படிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போகாது.

ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் சாகுல் அண்ணாச்சியிடம், ஒரு வண்டி சும்மா நின்று ஓடினால் எவ்வளவு குடிக்கும் என்று அளந்து தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் அளந்து தந்தார். என் கோடு அவர் அளந்ததைவிடக் கொஞ்சம் செங்குத்தாக இருந்தது. அந்தக் கூடுதல் அரிசிப் பாரம் என்று எனக்குத் தெரியும்.

சபேசன் சார் வந்ததும் கிராஃப் தாளைக் கொடுத்தேன். தரையில் விரிக்கிற அளவுக்கு அது பெரிதில்லை. கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது திருட்டு இல்லையே” என்றார் உடனே. “வண்டி எங்கேயோ நிக்குது.”

“ஆமா சார்.”

“எங்கே?”

“மலையில சார்.”

“எதுக்கு?”

“அது இந்தப் படத்துல வராது சார்.”

தாளை மேசையில் வைத்தார். பிளாஸ்க்கைத் திறந்து சுக்கு வெந்நீரை மூடியில் ஊற்றினார். குடிக்கவில்லை.

“நீங்க அந்த வண்டியில போனீங்களா?”

“போனேன் சார்.”

“அப்ப எதுக்கு நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார்.”

அவர் நின்றார். அந்த மனிதர் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. பம்பில் ஒரு வண்டி வந்து, நிரப்பி, போய்விட்டது.

“என்கிட்ட சொல்லாதீங்க கோமதி” என்றார் கடைசியில். “சொன்னா நான் எழுதணும்.”

நான் சொல்லவில்லை. அவர் அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து தன் கையால் எழுதினார். விசாரணை ஒரே நாளில் முடிந்தது. திருட்டு இல்லை என்றார்கள். குத்தாலிங்கம் அண்ணாச்சி சார்ஜ் ஷீட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது என் மேசைப் பக்கம் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அன்றைக்கு எனக்கு ஒரு வாரத் தூக்கம் சேர்ந்து வந்தது.

அறிக்கையின் நகல் எனக்குப் பிறகுதான் வந்தது. கூடுதல் செலவு மலைப்பாதைத் தாமதத்தால் ஏற்பட்டது, களவு என்பதற்கு ஆதாரமில்லை என்று முதல் பத்தியில் இருந்தது. இரண்டாவது பத்தி ஒரே வரி. தாமதத்தைத் தவிர்க்க இந்த ஓட்டுநரைச் சமதள வழித்தடத்துக்கு மாற்றலாம். சபேசன் சார் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. மறுபடி அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். கணக்கு தெரிந்த யாராக இருந்தாலும் அந்த வரியைத்தான் எழுதியிருப்பார்கள்.

குத்தாலிங்கம் அண்ணாச்சியைச் சுரண்டை வண்டிக்கு மாற்றினார்கள். காலை மலை வண்டிக்கு வேறு டிரைவர் வந்தார். நேரம் தவறாதவர். அடுத்த மாதம் மதுரையிலிருந்து வந்த படம் மிக அழகாக இருந்தது. புதன், வியாழன் என்று ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லா நட்சத்திரங்களும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அடக்கமாகக் கிடந்தன. பாடப்புத்தகத்தில் போடலாம். சபேசன் சார் அதைத் திருநெல்வேலிக்கு எடுத்துப்போய், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் சுவரில் ஒட்டினார். ஒரு நல்ல மாடலின் மிச்சம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினார். அந்த வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு முன்பே தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமைக் காலை வண்டியில் டிக்கெட் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. டிக்கெட் குறைந்தால் சூத்திரம் அதற்கேற்ப டீசலையும் குறைத்துச் சொல்லிவிடும். மிச்சத்தில் எதுவும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்துச் சுரண்டையில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப பஸ் ஏறினேன். குத்தாலிங்கம் அண்ணாச்சிதான் ஓட்டினார். தலை முழுக்க நரைத்திருந்தது. வண்டியில் கூட்டமில்லை. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். மழை, துக்க வீடு, டிப்போ என்று பேச்சு போனது. பாவூர்சத்திரம் தாண்டிய பிறகு கேட்டேன்.

“அந்தப் பொம்பளைங்க எல்லாம் என்ன ஆனாங்க அண்ணாச்சி?”

“ரயிலுக்கு மாறிட்டாளுவ தாயி. பஸ்காரன் நிக்க மாட்டேங்கான்லா. ஸ்டேஷன்ல போலீசு பிடிக்கான்னு, ரயிலு மெதுவாப் போற எடமாப் பாத்து ஏறுதாளுவ.”

“பேச்சியம்மா?”

கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்து வழிவிட்டார்.

“அவ கால்தான் தெரியும்லா. ஒரு தரம் மூட்டையத் தூக்கிப் பொட்டிக்குள்ள எறிஞ்சிருக்கா. இவ ஏறதுக்குள்ள ரயிலு வேகம் எடுத்துட்டு. அரிசி மட்டும் போயிட்டு. இவ தண்டவாளத்து ஓரத்துல நின்னுக்கிட்டு, கொஞ்ச தூரம் பின்னாலயே ஓடினாளாம். பாத்தவிய சொன்னாவ. அதோட விட்டுட்டா. இப்பம் பீடி சுத்துதா. கண்ணும் சரியாத் தெரியலயாம்.”

தென்காசி வந்தது. டிப்போவுக்கு முந்தின நிறுத்தத்தில் எனக்காக வண்டியை ஓரங்கட்டினார்.

“பாத்து எறங்குங்க தாயி. சேறு கெடக்கு” என்றார்.

படியில் கால் வைத்தபடி, அந்த மாற்றல் வரியை எழுதியது நானில்லை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். இறங்கிவிட்டேன்.